பாய்மரப் படகில் எலி: கிளம்பும் முன் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் பாய்மரப் படகு ஆஸ்திரேலியாவில் சிட்னி பக்கம் ஒரு மெரினாவில் (படகுகள் நிறுத்தும் துறையில்) நிற்கிறது. அடுத்த வாரம், கிழக்கே நடுக்கடலில் இருக்கும் லார்ட் ஹவ் தீவுக்குப் புறப்படுகிறோம். சமையல் மேடைக்குக் கீழே எலிப் புழுக்கை கிடந்தது. எலி மருந்து வைத்துவிட்டுக் கிளம்பலாமா?

பதில்: கிளம்பாதீர்கள். எலி மருந்தும் வேண்டாம். மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் கழித்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில் செத்து நாறும். அதுவரை கொறித்துக்கொண்டும் இருக்கும். மின்கம்பி உறையைக் கடித்தால் தீப்பிடிக்கலாம். அதைவிட எனக்குப் பெரிய கவலை, கழிவறைக்கும் எஞ்சினுக்கும் கடல்நீர் கொண்டுவரும் ஹோஸ்தான். அதில் ஓட்டை விழுந்தால் ஆளில்லாத படகு கட்டிய இடத்திலேயே மூழ்கிவிடும். படகை விட்டு இறங்கும்போதெல்லாம் கடல்நீர் வால்வுகளை மூடிவிடுங்கள்.

சாப்பாட்டுப் பொருள் எல்லாவற்றையும் தகர டப்பாவில் அடையுங்கள். ஸ்பிரிங் எலிப்பொறி நான்கைந்து வாங்கி, ஓரங்களில் வையுங்கள். கருவாட்டுத் துண்டு நல்ல இரை. எலி புதுப் பொருளைக் கண்டால் சந்தேகப்படும். அதனால் முதல் இரண்டு இரவு பொறியை இழுத்து வைக்காமல் இரையை மட்டும் தின்ன விடுங்கள். அப்புறம் இழுத்து வையுங்கள். ஒன்று சிக்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தரையில் மாவு தூவி, சில இரவுகள் காலடித் தடம் இல்லை என்று உறுதியான பிறகே புறப்படுங்கள். கட்டுக்கயிறுகளில் வட்டத் தகடு மாட்டினால் புதிதாக ஏறுவது குறையும். புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள். கையுறை போட்டு, பிளீச் கலந்த நீரால் நனைத்துத் துடையுங்கள். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரிலிருந்து பரவும்.

பயணம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்று நான் சொல்வது அந்தத் தீவுக்காகவும்தான். 1918-ல் மகாம்போ என்ற கப்பல் அங்கே தரைதட்டியபோது கரையேறிய கறுப்பு எலிகளால், வேறெங்கும் இல்லாத ஐந்து வகைப் பறவைகள் அழிந்தன. கையளவு நீளமுள்ள குச்சிப்பூச்சியும் தீவிலிருந்து மறைந்தது. 2001-ல்தான் அருகிலுள்ள பால்ஸ் பிரமிட் பாறையில் சில உயிரோடு கிடைத்தன. 2019-ல் தீவு முழுக்க விஷ இரை வைத்து எலிகளை ஒழிக்கப் பெரும்பாடு பட்டார்கள். எலி நன்றாக நீந்தும். மிதவையில் கட்டிய படகிலிருந்தும் கரைசேரும். நடுக்கடலில் புழுக்கையைப் பார்த்தால், தீவை நெருங்கும் முன்பே ரேடியோவில் தீவு நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள்.