ஓய்வெடுத்தால் காலம் நகர வேண்டும்

நீங்கள் நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் கதாபாத்திர மேசை விளையாட்டில், ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் ஆட்டக்காரர்கள் இழந்த உடல்வலிமையையும் மந்திரங்களையும் மீட்டுத்தரும் எட்டு மணி நேர 'நீண்ட ஓய்வு' எடுத்துவிடுவதால் நிலவறையில் பதற்றமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில், அந்த விளையாட்டின் 2014 விதிநூல்படி 24 மணி நேரத்தில் ஒரு நீண்ட ஓய்வுக்கு மட்டுமே பலன் உண்டு. இதைப் பல மேசைகளில் மறந்துவிடுகிறார்கள்.

அதைவிட முக்கியமானது, ஓய்வுக்கு ஒரு விலை இருப்பது. இதே விளையாட்டின் 1981ஆம் ஆண்டு பேசிக் பதிப்பில் நிலவறை நேரம் பத்து நிமிட 'டர்ன்'களாக எண்ணப்பட்டது. ஆறு டர்ன்களில் தீப்பந்தம் அணைந்துவிடும், இரண்டு டர்ன்களுக்கு ஒருமுறை, ஆட்டத்தை நடத்தும் நடுவர் உருட்டும் ஆறுமுகப் பகடையில் ஒன்று விழுந்தால் அலையும் அரக்கர்கள் வந்து சேர்வார்கள். நீங்களும் ஒரு தாளில் கட்டங்கள் வரைந்து, எல்லாரும் பார்க்கும்படி டர்னுக்கு ஒன்றாக அடித்துவாருங்கள். மறைத்து எண்ணிய என் கணக்கு யாரையும் அவசரப்படுத்தியதில்லை. ஆட்டக்காரர்கள் உறங்கும் எட்டு மணி நேரத்தில் எதிரிகள் வாயிலை அடைத்திருக்கலாம், புதையலோடு வெளியேறியும் இருக்கலாம்.