அம்மாவின் பித்தப்பைக் கல்: அரசாங்க ஆஸ்பத்திரியா, தனியாரா?

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 67 வயது. சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. நான்கு வருடங்களுக்கு முன் லேசான ஹார்ட் அட்டாக் வந்ததிலிருந்து அஸ்பிரின் குடிக்கிறார். இரண்டு தடவை வயிற்றுவலி வந்து ஸ்கான் எடுத்ததில் பித்தப்பையில் கற்கள் தெரிந்திருக்கின்றன. தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணிப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் பித்தப்பையை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் திகதி கிடைக்க மாதக்கணக்காகும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். தனியாரில் அடுத்த கிழமையே செய்யலாம், 'பெக்கேஜ்' விலைக்குப் பேசித் தருகிறேன் என்று குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவர் முன்வந்திருக்கிறார். "நகையை அடகு வைக்கலாமா, காத்திருக்கலாமா?" என்பது அவருடைய கேள்வி.

நகையை இப்போதைக்கு அடகு வைக்காதீர்கள்.

முதலில் அவசரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வலி வந்தது, பிறகு போய்விட்டது. காய்ச்சல் இல்லை, கண் மஞ்சளாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இது அடுத்த கிழமையே வெட்டி எடுக்கவேண்டிய விஷயம் அல்ல. அந்தக் கற்கள் நேற்று முளைத்தவையும் அல்ல, வருடக்கணக்காக அங்கே இருந்திருக்கும். ஆனால் குளிரோடு காய்ச்சல் அடித்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கடும் நிறமாகப் போனாலோ, வலி முதுகுப்பக்கம் ஊடுருவி மணிக்கணக்காக விடாமல் வாந்தியோடு இருந்தாலோ கதை வேறு. பித்தக்குழாயில் கல் அடைத்திருக்கலாம், கணையம் வீங்கியிருக்கலாம். அன்றைக்குத் திகதியும் தேவையில்லை, சனலும் தேவையில்லை. இரவு எத்தனை மணியானாலும் நேரே கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கோ களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோங்கள். 1990-க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், கிட்டவுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அவசரம் இல்லாத இந்த நேரத்தில் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி, ஒப்பரேஷன் முடிந்த அன்றிரவு இரண்டு மணிக்கு அம்மாவின் கட்டிலடிக்கு யார் வருவார் என்பதுதான். பகலில் கொழும்பிலுள்ள எந்த ஆஸ்பத்திரியும் நல்லாகத்தான் இருக்கும். தனியாரில் உங்கள் அம்மாவுக்கு ஒப்பரேஷன் செய்யப்போகிறவர் பெரும்பாலும் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலைசெய்யும் அதே நிபுணர். கடமை நேரம் முடிந்தபிறகு தனியாரில் வேலைசெய்ய அவர்களுக்கு அனுமதி உண்டு, ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. அதனால் நீங்கள் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது கெட்டிக்காரக் கையை அல்ல. கிட்டவுள்ள திகதியையும், தனி அறையையும், சுத்தமான கழிப்பறையையும் வாங்குகிறீர்கள். அவை சின்ன விஷயங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பின்னேரம் ஒப்பரேஷனை முடித்துவிட்டு அந்த நிபுணர் வீட்டுக்குப் போய்விடுவார். இரவில் இருப்பவர்கள் தாதிமாரும், பல கட்டில்களுக்குப் பொறுப்பான ஒரு கடமை டொக்டரும்தான். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை வாட்டில் இன்டர்ன் டொக்டர் இருப்பார், அவருக்கு மேலே மெடிக்கல் ஒஃபிஸர், அவருக்கு மேலே நிபுணராவதற்குப் பயிற்சி பெறும் ரெஜிஸ்ட்ரார். எல்லோரும் அந்த வளவுக்குள்தான் இருப்பார்கள். ஹார்ட்டைப் பார்க்கும் பிரிவும் அங்கேயே இருக்கும். முப்பது வயதுச் சுகதேகி என்றால் எங்கே செய்தாலும் சரி என்று சொல்லியிருப்பேன். ஏற்கெனவே ஒரு தடவை இருதயம் அடிபட்ட, சீனி உள்ள 67 வயது அம்மாவுக்கு அந்த முதலிரவு முக்கியம்.

தனியாருக்குத்தான் போகவேண்டும் என்று வீட்டில் முடிவெடுத்தால், ஐசியூ (தீவிர சிகிச்சைப் பிரிவு) உள்ள இடத்துக்கு மட்டும் போங்கள். எட்டுப் பத்துக் கட்டில் வைத்துக்கொண்டு "நாங்களும் செய்கிறோம்" என்பவர்கள் பக்கமே தலைவைக்க வேண்டாம்.

ஐசியூவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பல குடும்பங்கள் இதில்தான் உடைந்துபோகின்றன. நாலு நாளில் வீடு திரும்பவேண்டிய நோயாளிக்கு ஏதோ சிக்கல் வந்து ஐசியூவுக்கு மாற்றுவார்கள். தனியாரில் அங்கே ஒவ்வொரு நாளும் தனிக் கணக்கு. கட்டில் வாடகை, மெஷின், மருந்து, பரிசோதனை, வந்து பார்க்கும் ஒவ்வொரு நிபுணருக்கும் தனித்தனி விசிட் காசு. ஒரு கிழமையில் கையிருப்பு கரைந்துவிடும். பிறகு மகன் கண் கலங்க வந்து "அரசாங்கத்துக்கு மாற்ற ஏலாதா டொக்டர்?" என்று கேட்பார். மாற்ற அங்கே ஐசியூ கட்டில் வெறுமையாக இருக்கவேண்டும். பெரும்பாலும் இருக்காது. கிடைத்தாலும், மூச்சுக் கருவியில் இருக்கும் ஒருவரை அம்புலன்ஸில் ஏற்றுவது ஆபத்தான காரியம். ஆகவே முதல் நாளே இந்தக் கணக்கைப் போடுங்கள்: பத்து நாள் ஐசியூ வந்தால் உங்களால் கட்ட முடியுமா? முடியாதென்றால் தனியாருக்குப் போகாதீர்கள். நகையை அடகு வைத்து நுழைந்தவர்கள் காணியை விற்றுத்தான் வெளியே வருகிறார்கள்.

இப்போது அந்தத் 'தெரிந்தவர்' விஷயத்துக்கு வருகிறேன். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் விலையைத் தெரிந்துகொள்ள இடையில் ஆள் எதற்கு? பில்லிங் கவுன்டருக்கு நீங்களே போய்க் கேட்கலாம். கொழும்பில் இந்தத் தரகு பல வேஷத்தில் நடக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஓட்டோக்காரர், "இந்த லேப்புக்குப் போங்க, அங்கதான் நல்லா எடுப்பாங்க" என்று கொண்டுபோய் இறக்கிவிட்டுக் கமிஷன் வாங்குகிறார். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிற சனங்களுக்கு அறை வாடகைக்குக் கொடுப்பவர்களில் சிலர், கூடவே ஸ்கானுக்கும் ஆள் பிடிக்கிறார்கள். சிங்களம் தெரியாத வயதானவர் என்று கண்டால் இவர்களுக்கு இன்னும் வசதி. மொழிபெயர்த்து உதவுகிற மாதிரி ஒட்டிக்கொள்வார்கள், பிறகு ரிப்போட் கட்டு முழுவதும் அவர்கள் கையில் இருக்கும். யாராவது மூல ரிப்போட்டைக் கேட்டாலோ, ரசீது இல்லாமல் காசு கேட்டாலோ, கவுன்டரில் உங்களை நேரே பேச விடாமல் தடுத்தாலோ அந்த இடத்திலேயே கதையை முடித்துக்கொள்ளுங்கள்.

இவர்களில் மோசமானவர், "வாட்டுக்குள்ள எங்கட ஆள் இருக்கு, திகதியை முன்னுக்கு எடுத்துத் தாறன்" என்று காசு கேட்பவர். அது இலஞ்சம். வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954. அந்த ஆள் உண்மையிலேயே யாரிடமும் பேசுவதும் இல்லை. உங்கள் முறை தானாக வந்ததும், தான் எடுத்துக் கொடுத்ததாகச் சொல்லி மிச்சக் காசையும் வாங்கிக்கொள்வார்.

'பெக்கேஜ்' என்ற சொல்லைக் கேட்டதும் நிம்மதி அடையாதீர்கள். அதற்குள் சத்திரசிகிச்சை நிபுணரின் கட்டணம் உண்டா, மயக்கமருந்து கொடுப்பவரின் கட்டணம் உண்டா, தியேட்டரில் பாவிக்கும் மருந்தும் கிளிப்பும் உண்டா, எத்தனை இரவு என்று எழுத்தில் கேளுங்கள். சின்னத் துளை போட்டுக் கெமராவால் தொடங்கும் ஒப்பரேஷனைச் சிலவேளை நடுவில் வயிற்றைத் திறந்துதான் முடிக்கவேண்டி வரும். அதில் யாருடைய பிழையும் இல்லை, உயிரைக் காப்பாற்ற எடுக்கும் முடிவு. ஆனால் அப்போது பில் என்ன ஆகும்? வெட்டி எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பும் செலவு யாருடையது? இதையெல்லாம் சொல்லத் தயங்கும் கவுன்டரில் முற்பணம் கட்டாதீர்கள். தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்த 2006-இல் 21ஆம் இலக்கச் சட்டம் வந்தது, அதற்கென்று ஒரு சபையும் இருக்கிறது. இத்தனை வருடமாகியும், நோயாளி கையெழுத்துப் போடுமுன் விளங்கக்கூடிய ஒரு முழுக் கணக்கு கையில் கிடைப்பது வழக்கமாகவில்லை. எனக்கு இது பொறுக்க முடியாத விஷயம்.

அரசாங்கப் பக்கத்திலும் பொறுமையைச் சோதிக்கிற விஷயங்களுக்குக் குறைவில்லை. எந்த வாட்டில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று சனங்கள் பார்க்கக்கூடிய ஒரு பட்டியல் கிடையாது. ஒரு ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் காத்திருப்பவருக்கு, அரை மணித்தியாலத் தூரத்தில் வரிசை குறைவான வேறொரு இடம் இருப்பது தெரியாமலே போய்விடுகிறது. ஸ்கான் மெஷின் பழுது, வெளியில் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருந்தையும் சாமான்களையும் வெளியில் வாங்கிவரச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுப்பது கூடிவிட்டது. இலவசம் என்றாலும் கையில் கொஞ்சம் காசு வைத்திருங்கள். துண்டு தந்தால் முதலில் ஆஸ்பத்திரிப் பார்மசியிலேயே இன்னொருமுறை கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் அரசாங்கத்தின் ஒசுசல மருந்துக்கடைக்குப் போங்கள். "இந்தக் கடையில்தான் வாங்கவேண்டும்" என்று யாராவது அழுத்திச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. எத்தனை தடவை சொன்னாலும் சனங்கள் அதைக் குழப்பிக்கொள்கிறார்கள், ஆகவே விரிவாகவே சொல்கிறேன். நுகேகொடைப் பக்கம் தலபத்பிட்டியவில் உள்ள ஸ்ரீ ஜயவர்தனபுர பொது வைத்தியசாலை. ஜப்பானின் உதவியோடு கட்டப்பட்டு 1984-இல் திறக்கப்பட்டது. அது அரசாங்கத்துக்குச் சொந்தமான ஆஸ்பத்திரி, ஆனால் இலவசம் அல்ல. தனிச் சட்டத்தின் கீழ் ஒரு சபை அதை நடத்துகிறது, நோயாளிகளிடம் கட்டணம் வாங்குகிறார்கள். "அரசாங்கம்தானே" என்று வெறுங்கையோடு போய் பில்லைப் பார்த்துத் திகைத்தவர்களும் உண்டு. "காசு வாங்குகிற இடம்தானே, பிரைவேட் மாதிரி உடனே செய்வார்கள்" என்று நினைத்துப் போய் வரிசையைக் கண்டு கோபப்பட்டவர்களும் உண்டு. இரண்டு எதிர்பார்ப்பும் பிழை. கட்டணம் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளைவிடக் குறைவு, ஆனால் கட்டவேண்டும். வரிசை இருக்கும். அதே நேரம், முழுநேர நிபுணர்களும் பயிற்சி டொக்டர்களும் ஐசியூவும் உள்ள பெரிய ஆஸ்பத்திரி அது, நான் மேலே சொன்ன இரவு இரண்டு மணிக் கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. இலவச வாட்டில் இடநெருக்கடியைத் தாங்க முடியாது, தனியார் பில்லையும் தாங்க முடியாது என்கிற உங்களைப் போன்ற குடும்பம் கட்டாயம் போய் விசாரிக்கவேண்டிய இடம். அங்கேயும் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். சாதாரண வாட்டுக்கும் தனி அறைக்கும் கணக்கு வேறு, இரண்டையும் பிரித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, வாட்டில் தனியாக விட்டுவிட்டு எப்படி இருப்பது என்று பயப்படுகிறீர்கள். நியாயமான பயம். பார்வையாளர் நேரம் மத்தியானம் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம், அவ்வளவுதான். டொக்டர்மாரில் தமிழ் பேசுகிற ஒருவராவது பெரும்பாலும் இருப்பார், ஆனால் எந்நேரமும் பக்கத்தில் இருப்பார் என்று சொல்ல முடியாது. கிளினிக் கொப்பியின் முன் மட்டையின் உட்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, அம்மா குடிக்கும் மருந்துகள், அளவு, ஒத்துக்கொள்ளாத மருந்து, ஹார்ட் அட்டாக் வந்த வருடம், உங்கள் தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதிவிடுங்கள். பாஷை தெரியாத நோயாளிக்கு அந்தத் தாள்தான் பேசும். சம்மதப் பத்திரத்தில் யாராவது தமிழில் விளக்கிச் சொன்ன பிறகுதான் அம்மா கையெழுத்துப் போடவேண்டும். அதைக் கேட்பது உரிமை, தொல்லை கொடுப்பது அல்ல.

செய்யவேண்டியது இதுதான். சனல் பண்ணிய அதே நிபுணரிடம் போய், தன்னுடைய அரசாங்க கிளினிக்குக்கு ஒரு கடிதம் தரச் சொல்லிக் கேளுங்கள். பலர் தருவார்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடிதம் கிளினிக்குக்குள் போக மட்டும்தான், வரிசையைத் தாண்ட அல்ல. கிளினிக் நாளில் ஸ்கான் ரிப்போட்டையும் முன்பு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள், நிழற்பிரதி எடுத்து மூலத்தை வீட்டில் வைக்கவேண்டாம், இரண்டையும் கொண்டுபோங்கள். அன்றைக்கே இருதய நிபுணரின் அபிப்பிராயம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஒப்பரேஷன் திகதி வந்தபிறகு இதைத் தொடங்கினால் அந்தத் திகதி தள்ளிப்போய்விடும். காத்திருக்கும் நாட்களில் சீனியைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவாருங்கள், எண்ணெய்ப் பொரியலைக் குறையுங்கள். வீட்டில் யாராவது அரச ஊழியராக இருந்தால் அக்ரஹார காப்புறுதியில் அம்மாவுக்கு இடமுண்டா என்றும் விசாரியுங்கள்.

கிளினிக்கில் சொல்லும் திகதி மிகத் தூரமாக இருந்தால், அல்லது நடுவில் வலி மறுபடி வந்தால், ஜயவர்தனபுரவில் விலை கேளுங்கள். அதற்கும் பிறகுதான் தனியார்.

அஸ்பிரினை மட்டும் பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதா, எத்தனை நாளைக்கு முன் என்பதை இருதய நிபுணரும் சத்திரசிகிச்சை நிபுணரும் கிளினிக் கொப்பியில் எழுதித் தரவேண்டும்.