மருமகள் டாக்டர்தான், கிளினிக்கில் உட்காரலாமா?

கேள்வி: வணக்கம் வக்கீல் ஐயா. நாங்கள் மலேசியா, சுங்கை சிப்புட். தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக்கு மாறியபோது நர்சரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மகன் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன். அவனுக்கு மதுரைப் பக்கம் பெண் எடுத்தோம். மருமகள் எம்.பி.பி.எஸ். அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று வருடம் டாக்டராக இருந்தவள். இங்கே வந்ததிலிருந்து வீட்டில்தான் இருக்கிறாள். டவுனில் எங்களுக்குப் பழக்கமான ஒரு கிளினிக் டாக்டர் வயதானவர். "சாயங்காலம் வந்து உட்காரட்டும். நோயாளியைப் பார்த்து மருந்து எழுதட்டும், என் சாப்பை (முத்திரையை) குத்திக்கொள்ளலாம். மாதம் 2,500 வெள்ளி (ரிங்கிட்) கையில் தருகிறேன்" என்கிறார். மருமகள் முடியவே முடியாது என்கிறாள். படித்தவள்தானே, ஏன் பயப்படுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. லைசென்ஸ் எடுத்துத் தர 15,000 வெள்ளி ஆகும் என்று ஓர் ஏஜெண்டும் வந்து பேசிவிட்டுப் போனார். இங்கே இவள் டாக்டராக முடியுமா, எவ்வளவு காலம் ஆகும்?

பதில்: அம்மா, உங்கள் மருமகள் சொன்னதுதான் சரி. அந்த கிளினிக்கில் அவர் ஒரு நாள்கூட நோயாளியைப் பார்க்கக் கூடாது. அவர் இதைத் தெரிந்துதான் மறுக்கிறார். தயவுசெய்து மறுபடி வற்புறுத்தாதீர்கள்.

இந்த நாட்டில் வைத்தியம் பார்க்கும் உரிமையைத் தருவது 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம். மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பெயர் ஏறிய பிறகும் ஆண்டுதோறும் தொழில் சான்றிதழ் எடுக்க வேண்டும், அது டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். பதிவில்லாத ஒருவர் பதிவு பெற்ற மருத்துவர் போல நடந்துகொள்வது அதே சட்டத்தின் 33ஆம் பிரிவில் குற்றம். வேறு நாட்டில் எத்தனை வருடம் டாக்டராக இருந்தார் என்பதை அந்தப் பிரிவு கேட்பதில்லை. நம் தோட்டங்களில் டாக்டர் வராத நாட்களில் ஊரையே பார்த்துக்கொண்ட டிரெசர்களுக்குக்கூட (தோட்ட மருத்துவ உதவியாளர்களுக்குக்கூட) 1965லேயே தனிப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. பதிவு விஷயத்தில் நம் சட்டம் அவ்வளவு பழைய கண்டிப்பு உள்ளது.

பெரிய டாக்டரின் சாப் உங்கள் மருமகளைக் காப்பாற்றாது. தான் பார்க்காத நோயாளிக்குத் தன் சாப்பைக் கொடுத்தால் அவருடைய பதிவுக்கே ஆபத்து. தனியார் கிளினிக்குகளுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. அங்கே நோயாளியைப் பார்ப்பவர் பதிவு பெற்றவர்தானா என்பதற்குக் கிளினிக் நடத்துபவர் பொறுப்பு. அவர் நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார். ஆனாலும் இது இருவரையும் கவிழ்க்கும் ஏற்பாடு.

நோயாளியின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். செம்பனைக் குலை வெட்டுகிற ஒரு தம்பி காய்ச்சலோடு வருகிறார். உங்கள் மருமகள் பார்த்து, மூன்று நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எழுதி, சாப் குத்திக் கொடுக்கிறார். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு, பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதித்தால்தான் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு என்கிறது. பரிசோதித்தவர் பதிவு இல்லாதவர் என்று பின்னால் தெரிந்தால், அந்த மூன்று நாளும் சொல்லாமல் வேலைக்கு வராத நாட்களாக எண்ணப்படலாம். இரண்டு வேலை நாட்களுக்கு மேல் தொடர்ந்து தக்க காரணமின்றி வராவிட்டால் வேலை ஒப்பந்தத்தை மீறியதாகக் கருதவும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது. காய்ச்சலுக்கு வந்தவருக்கு வேலையே போகக்கூடும். மருந்து ஒத்துக்கொள்ளாமல் ஏதாவது ஆகிவிட்டால் இன்னும் மோசம். தொழில் சான்றிதழ் எடுக்கும் மருத்துவர்களுக்கு இழப்பீட்டுக் காப்புறுதி கட்டாயம், பதிவில்லாதவருக்கு அது கிடையாது. அந்தக் குடும்பம் வழக்குப் போட்டால் உங்கள் வீட்டிலிருந்துதான் பணம் போகும்.

சம்பளத்துக்கும் உத்தரவாதமில்லை. சட்டம் தடுக்கும் காரியத்துக்கான ஒப்பந்தம் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி செல்லாது. மூன்று மாதம் பார்த்த பிறகு அவர் காசு தரவில்லை என்றால் கேட்டு வாங்க வழியில்லை.

அடுத்தது பாஸ். மருமகள் இருப்பது கணவரின் பேரில் கொடுத்த நீண்டகால சமூக வருகை பாஸில் என்று நினைக்கிறேன். கடப்பிதழை எடுத்து அந்தப் பக்கத்தைப் பாருங்கள். எந்த வேலையும் செய்யக் கூடாது என்று அச்சிட்டிருந்தால், வேலை அனுமதிக்குக் குடிநுழைவுத் துறையில் தனியாக விண்ணப்பித்து முத்திரை வாங்கும்வரை சம்பளத்துக்கு எந்த வேலைக்கும் போகக் கூடாது. மீறினால் 1963ஆம் ஆண்டு குடிநுழைவு விதிகளின் 39(பி) பிரிவில் அவருக்கு 1,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேலை கொடுத்தவருக்குக் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவில் 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. இப்படி ஒரு வழக்கு அவர் பேரில் ஏறிவிட்டால், நாளைக்கு மருத்துவ மன்றத்தில் பதிவு கேட்கும்போது நன்னடத்தைக் கேள்விக்கு என்ன பதில் எழுதுவது? தமிழ்நாட்டிலுள்ள அவருடைய பதிவுக்கும் அது கேடு.

சரி, முறையான வழி என்ன? அவருடைய பட்டச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள். மருத்துவச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவப் பட்டங்களின் பட்டியல் இருக்கிறது. இந்தியப் பட்டம் என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்பதுமில்லை, எல்லாவற்றையும் தள்ளுவதுமில்லை. கல்லூரியின் பெயர், பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயர், படித்த காலம் ஆகிய மூன்றும் பட்டியலோடு பொருந்த வேண்டும். தமிழ்நாட்டில் இதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒரு காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகமும் மதுரைப் பல்கலைக்கழகமும் கொடுத்த மருத்துவப் பட்டங்களை 1988க்குப் பிறகு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் கொடுக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பெயரிலேயே கொடுக்கின்றன. அதே கல்லூரியில் படித்த மூத்த டாக்டர் ஒருவர் இங்கே பதிவு பெற்றிருக்கிறார் என்பதை நம்பி முடிவெடுக்காதீர்கள். பட்டியல் மாறும். கிரிமியா பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை 2005ல் நிறுத்தியபோது, பிள்ளைகளை அங்கே அனுப்பியிருந்த எத்தனை இந்தியக் குடும்பங்கள் பதறின என்பது உங்களுக்கும் நினைவிருக்கும்.

பட்டம் பட்டியலில் இருந்தால் முதலில் தற்காலிகப் பதிவு, பிறகு ஹவுஸ்மேன் பயிற்சி (மருத்துவமனையில் மேற்பார்வையின் கீழ் வேலை பார்த்துப் பழகுவது), அதன்பின் முழுப் பதிவு. பட்டியலில் இல்லையென்றால் தற்காலிகப் பதிவுக்கே தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். அந்தத் தேர்வுக்கு யாரெல்லாம் உட்காரலாம் என்ற நிபந்தனைகளை, குடியுரிமை பற்றியவை உட்பட, பணம் கட்டுவதற்கு முன்பே படிக்கச் சொல்லுங்கள்.

ஹவுஸ்மேன் பயிற்சியில்தான் மருமகளுக்கு மனது வலிக்கும். தமிழ்நாட்டில் சி.ஆர்.ஆர்.ஐ. என்ற பெயரில் ஓர் ஆண்டு பயிற்சி முடித்திருப்பார். இங்கே 2008 முதல் அது இரண்டு ஆண்டு. மருத்துவம், குழந்தைகள், அறுவை, எலும்பு, மகப்பேறு முதலான பிரிவுகளில் நான்கு நான்கு மாதம். மூன்று வருடம் ஒரு சுகாதார நிலையத்தையே தனியாக நடத்தியவர், நேற்றுப் பட்டம் வாங்கிய பிள்ளைகளோடு வரிசையில் நின்று ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும். அங்கே செய்த பயிற்சியிலும் வேலையிலும் எதைக் கணக்கில் எடுப்பது என்பது மன்றத்தின் முடிவு. மன்றம் பார்ப்பது தாளைத்தான். "ஓர் ஆண்டு பயிற்சி முடித்தார்" என்று ஒரே வரியில் இருக்கும் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்க முடியாது. எந்தப் பிரிவில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யார் மேற்பார்வையில் என்று கல்லூரியிலிருந்து எழுதி வாங்க வேண்டும். சுகாதார நிலையத்தில் எத்தனை பிரசவம் பார்த்தார், இரவுப் பணி எப்படி என்பதற்கும் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கட்டும். மதுரைக்குப் போகும் அடுத்த பயணத்தில் இதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி இடம் கிடைப்பது தனிப் பாடு. அது அரசாங்க நியமனம். 2016 டிசம்பரிலிருந்து மலேசியப் பிள்ளைகளே ஒப்பந்த அடிப்படையில்தான் சேர்கிறார்கள். 2021 ஜூலை 26ஆம் தேதி ஒப்பந்த டாக்டர்கள் மருத்துவமனைகளுக்கு வெளியே கூடி நின்றது அதற்காகத்தான். குடியுரிமை இல்லாதவருக்கு இடம் உண்டா என்பதை சுகாதார அமைச்சிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கிடைத்தால், உங்களுக்குப் பக்கம் ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனை இருக்கிறது. வார்டில் புழங்கும் மொழி மலாய். இப்போது வீட்டிலிருக்கும் நேரத்தில் அவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் மலாய் கற்பதுதான். அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம்.

நம்மவர்களின் விண்ணப்பங்கள் அதிகம் சிக்குவது பெயரில். பட்டச் சான்றிதழில் "கே. செல்வி" என்று இருக்கும். கடப்பிதழில் "செல்வி கருப்பையா". இங்கே திருமணம் பதிந்தபோது கணவர் பெயரைச் சேர்த்து இன்னொன்று எழுதியிருப்பார்கள். நமக்கு மூவரும் ஒருவர், அலுவலகத்துக்கு மூன்று பேர். இங்கே சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் உறுதிமொழி செய்யலாம், அது உதவும். அதை மட்டும் நம்ப வேண்டாம். இனிஷியலின் விரிவை பல்கலைக்கழகத்திடமும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடமும் எழுதி வாங்கினால்தான் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நற்சான்றுக் கடிதத்தைத் தமிழ்நாடு கவுன்சில் வழியாக இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையத்திடம் வாங்க வேண்டும். அதற்கு ஆயுள் குறைவு. மற்றத் தாள்களெல்லாம் கையில் வந்த பிறகு கடைசியாக அதற்கு விண்ணப்பிக்கட்டும். முதலிலேயே வாங்கி அலமாரியில் வைத்தால் காலாவதியாகிவிடும்.

ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். மருத்துவ மன்றத்துக்கு இணையம் வழியாக மருமகளே விண்ணப்பிக்கலாம். பதிவை வாங்கித் தரும் அதிகாரம் எந்த ஏஜெண்டுக்கும் கிடையாது. அவர் செருகும் ஒரு பொய்த் தாள் போதும், உங்கள் மருமகளின் தொழிலே முடிந்துவிடும். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். உங்கள் வீட்டிலும் அவை அவர் கையிலேயே இருக்கட்டும் அம்மா, உங்கள் பீரோவில் வேண்டாம்.

காலம் கேட்டீர்கள். பட்டம் பட்டியலில் இருந்து, இடமும் கிடைத்தாலும், தாள் வேலையும் காத்திருப்பும் இரண்டு ஆண்டுப் பயிற்சியும் சேர்த்து மூன்று ஆண்டுக்குக் குறையாது என்று மனதில் வையுங்கள். தேர்வு எழுத வேண்டியிருந்தால் இன்னும் கூடும். மன்றம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்த தேதியைக் குறித்து வைத்து உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். உயர் நீதிமன்றத்தில் நீதிப் பரிசீலனை கேட்பதற்குள்ள கெடு மூன்று மாதம்தான். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு ஈப்போவில் வழக்கறிஞர் கழகத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது.

லண்டன், ஆஸ்திரேலியா என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அங்கேயும் பிளாப், ஏஎம்சி என்று தேர்வுகள் உண்டு. போவதா வேண்டாமா என்பது மகனும் மருமகளும் பேசி முடிவெடுக்க வேண்டியது.

எனக்கு இந்த விஷயத்தில் ஆதங்கம் உண்டு. "மாரை அடைக்குது", "நெஞ்சு கரிக்குது" என்று தோட்டத்துப் பாட்டி சொல்வதை இடையில் யாரும் மொழிபெயர்க்காமல் புரிந்துகொள்ளும் டாக்டர்கள் நம் டவுன்களுக்கு வேண்டும். மலேசியரை மணந்து இங்கேயே வாழ வந்த மருத்துவர்களுக்கு, தரத்தைக் குறைக்காமல், இன்னும் தெளிவான, விரைவான ஒரு வழியை அரசாங்கம் வகுக்கத்தான் வேண்டும். வகுக்கும்வரை இருக்கிற வழியில்தான் போக முடியும்.

இதற்கிடையில் வேலை அனுமதி முத்திரை கிடைத்தால், நோயாளியைத் தொடாத வேலைகள் இருக்கின்றன: கல்லூரிகளில் உடற்கூறு, உடலியல் பாடம் நடத்துவது, மருந்து ஆராய்ச்சி ஒருங்கிணைப்பு, காப்புறுதி நிறுவனத்தில் மருத்துவக் கோரிக்கைகளைப் பரிசீலிப்பது. ஊருக்குப் போகும்போது தமிழ்நாட்டுப் பதிவை உயிரோடு வைத்து, முடிந்தால் அங்கே சில வாரங்கள் முறையாக வேலை பார்த்துச் சான்று வாங்கி வரட்டும். தொழிலில் நீண்ட இடைவெளி விழுந்தால் எந்த நாட்டு மன்றமும் கேள்வி கேட்கும்.

இப்போது உடனே செய்ய வேண்டியது, பாஸ் எப்போது முடிகிறது என்று பார்ப்பது. புதுப்பிக்கும்போது உங்கள் மகனும் நேரில் போக வேண்டும். ஷிப்டை முன்கூட்டியே மாற்றி லீவு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அன்றைக்கே வேலை அனுமதி விண்ணப்பத்துக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று முகப்பில் கேட்டு வந்துவிடலாம்.