அட்டையை மறைத்துப் படிக்கும் வாசகிக்கு

கேள்வி: எனக்கு வயது 36. கல்லூரி முடித்த நாளிலிருந்து நான் விரும்பிப் படிப்பது இளையோருக்கான ஃபேன்டஸி நாவல்கள்தான். மந்திரப் பள்ளி, டிராகன், சாபம், வாள் பிடிக்கும் பெண் என்று ஏதாவது வந்துவிட்டால் எனக்குத் தூக்கம் மறந்துபோகும். கடந்த ஓராண்டில் படித்த 23 நாவல்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன். எல்லாமே அருமை! ஆனால் உடன் வேலை செய்பவர்கள் "இந்த வயதிலும் குழந்தைக் கதையா?" என்கிறார்கள். வெளியே எடுத்துப் போகும்போது அட்டை தெரியாமல் உறை போட்டுக்கொள்கிறேன். இதிலிருந்து படிப்படியாகத் தீவிர இலக்கியத்துக்கு ஏறுவதற்கு ஒரு பட்டியல் தருவீர்களா? என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்: தர மாட்டேன்.

'ஏறுவதற்கு' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்தான் காரணம். நீங்கள் பள்ளத்தில் நிற்பதாகவும், மேலே எங்கோ உட்கார்ந்து மற்றவர்கள் நல்ல புத்தகம் படித்துக்கொண்டிருப்பதாகவும் நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். அந்த நினைப்போடு எந்தப் பெரிய நாவலைத் தொட்டாலும் அது கசாயம் போலத்தான் தொண்டையில் இறங்கும். எழுதியவருக்கும் அது நியாயமில்லை.

முதலில் அந்த உறை. 1998-ல் ஹாரி பாட்டரின் முதல் நாவலுக்கு ப்ளூம்ஸ்பரி பதிப்பகமே பெரியவர்களுக்கென்று வேறோர் அட்டை போட்டது. கறுப்பு வெள்ளையில் ஒரு நீராவி ரயிலின் புகைப்படம். உள்ளே அதே கதை. உங்களைப் போல அட்டைக்குக் கூசியவர்கள், ஒரு பதிப்பகம் தனியாக அச்சடிக்கும் அளவுக்கு இருந்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து, அந்த நாவல்கள் விற்பனைப் பட்டியலின் உச்சியை விட்டு இறங்காமல் இருந்ததால், நியூயார்க் டைம்ஸ் சிறுவர் நூல்களுக்கென்று தனிப் பட்டியல் தொடங்கி அவற்றை அங்கே நகர்த்தியது. இளையோர் நூல், பெரியோர் நூல் என்ற கோடு பெரும்பாலும் இப்படித்தான் விழுகிறது. விற்பவரின் வசதிக்கு விழுந்த கோட்டை உங்கள் அறிவின் அளவுகோலாக ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்?

இந்த வகையில் இளமை என்பது வாசகரின் வயதைப் பற்றியது என்று உங்களோடு வேலை செய்பவர்கள் நினைக்கிறார்கள். அது கதையின் கேள்வியைப் பற்றியது. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினிடம் ஒரு பதிப்பாளர் வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு நாவல் கேட்டார். கதைகளில் வருகிற மந்திரவாதிகள் எல்லாரும் வெண்தாடிக் கிழவர்களாகவே இருக்கிறார்களே, அவர்களும் ஒரு காலத்தில் பையன்களாக இருந்திருக்க வேண்டுமே, இந்த வித்தையை எங்கே, எப்படிக் கற்றார்கள் என்று லெ குவின் யோசித்தார். அதிலிருந்து 1968-ல் வந்ததுதான் எர்த்ஸீ என்ற கற்பனைத் தீவுலகத் தொடரின் முதல் நாவல். கெட் என்ற பையன் ஆணவத்தில், சக மாணவன் முன்னால் தன்னை நிரூபிக்க, இறந்தவளை அழைக்கிறான். திறந்த பிளவு வழியே ஒரு நிழல் வெளியே வந்துவிடுகிறது. அந்தப் பிளவை மூடுவதில் பள்ளியின் தலைமை மந்திரவாதி உயிரையே விடுகிறார். அதன் பிறகு கெட் தீவு தீவாக ஓடுகிறான். கடைசியில் ஓட்டத்தை நிறுத்தி, திரும்பி, நிழலைத் துரத்திப்போய் அதைத் தன் சொந்தப் பெயர் சொல்லி அழைக்கிறான். கையில் திடீரென்று வந்து சேர்ந்த சக்தியை ஒருவர் எப்படித் தாங்கப் பழகுகிறார்? இது பதினைந்து வயதில் எழுகிற கேள்வி. முப்பத்தாறில் அது தீர்ந்துவிட்டதா உங்களுக்கு? எனக்கு இன்றுவரை தீரவில்லை.

தமிழ் வாசகர் இதைப் புதுச்சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. மணிமேகலை யார்? இளம்பெண். தூக்கத்தில் ஒரு தெய்வம் தூக்கிக்கொண்டு போய் யாருமில்லாத தீவில் விட்டுவிடுகிறது. விழித்தவளுக்கு முற்பிறப்பு தெரிகிறது. வேற்றுரு எடுக்க, வானில் பறக்க, பசியைப் போக்க என்று மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. அள்ள அள்ளக் குறையாத அட்சயபாத்திரம் கைக்கு வருகிறது. இதையே வேறொரு மொழியில் புது நாவலாக எழுதினால் எந்த அலமாரியில் வைப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சாத்தனார் ஒரு படி மேலே போகிறார். தன்னைத் துரத்தும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகை என்ற வேறொரு பெண்ணின் உருவை எடுக்கிறாள். அவளைத் தன் மனைவி என்றே நம்பிய காயசண்டிகையின் கணவன் இளவரசனை வெட்டிச் சாய்க்கிறான். தான் எடுத்த வேற்றுரு ஓர் உயிரைக் கொண்டுபோய்விட்டது என்று அந்தப் பெண் கதறுகிறாள். மந்திரத்துக்கு விலை உண்டு என்று நம் காப்பியம் அப்போதே எழுதிவைத்திருக்கிறது.

இந்த 'விலை'யை வைத்துத்தான் இனி உங்களிடம் பேச வேண்டும். கொஞ்சம் வலிக்கும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலை மூன்று முறை படித்தேன். 23 தலைப்புகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல், 'அருமை'. எந்தக் காட்சி உங்களை நிறுத்தியது, எங்கே ஏமாந்தீர்கள், எந்த முடிவை நம்ப முடியவில்லை என்று ஒரு வரி இல்லை. பட்டியலில் எனக்குத் தெரிந்த நாவல்களும் இருக்கின்றன. அவற்றில் சில உண்மையிலேயே நல்லவை. சில ஒரே அச்சில் வார்த்தவை. தன் சக்தி தனக்கே தெரியாத அநாதைப் பெண், 'நீதான் அவள்' என்கிற பழைய தீர்க்கதரிசனம், அவளுக்காக உருகும் இரண்டு இளைஞர்கள், உயிரோடு விளையாடும் ஒரு போட்டி, மூன்றாம் பாகத்தில் போர். தீர்க்கதரிசனம் என்ற உத்தி மீது எனக்குத் தனிக் கோபம் உண்டு. கதாபாத்திரம் தவித்துத் தானே எடுக்க வேண்டிய முடிவை யாரோ ஆயிரம் வருடத்துக்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள். அவளுக்கு வேலையே இல்லாமல் போகிறது. இதையெல்லாம் நீங்கள் கவனிக்கத் தெரியாதவர் என்று நான் நம்பவில்லை. கேலி செய்பவர்களிடமிருந்து மொத்த வகையையும் காப்பாற்றுவதிலேயே உங்கள் கவனம் செலவாகிவிட்டது. ஒன்றைக் குறை சொன்னால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று பயப்படுகிறீர்கள். அந்த வெட்கம் உங்களை மோசமான வாசகியாக்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு வருத்தம் தருவது அதுதான். நீங்கள் எதைப் படிக்கிறீர்கள் என்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இதற்கு லெ குவினிடமே ஒரு வழி இருக்கிறது. எர்த்ஸீயின் முதல் நாவலில், பெண்களின் மந்திரம் பலவீனமானது, பெண்களின் மந்திரம் தீயது என்று இரண்டு சொலவடைகள் வரும். அந்த உலகின் வழக்கமாக அவரே எழுதியவை. 1972-ல் மூன்றாம் நாவலோடு தொடர் நின்றது. பதினெட்டு ஆண்டு கழித்து, 1990-ல், அதே உலகத்துக்கு அவர் திரும்பி வந்தார். இரண்டாம் நாவலில் இளம் பூசாரியாக இருந்த டெனார் இப்போது நடுவயது விதவை. தீயில் வெந்த ஒரு சிறுமியை வளர்க்கிறாள். கெட் தன் சக்தியை எல்லாம் இழந்து வந்து நிற்கிறான். ஆண்கள் மட்டும் மந்திரம் கற்கும் பள்ளியை நான் ஏன் அவ்வளவு இயல்பாக எழுதினேன் என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டதுபோல அந்த நாவல் நகர்கிறது. தான் நேசித்து உருவாக்கிய உலகை அவர் தூக்கி எறியவில்லை. அதில் தவறே இல்லை என்று வாதாடவும் இல்லை. உள்ளே போய் நின்று கேள்வி கேட்டார்.

நீங்களும் அப்படி உள்ளே போங்கள். டயானா வின் ஜோன்ஸின் 1986 நாவலில், சோஃபி என்ற இளம்பெண்ணைச் சூனியக்காரி ஒரே நொடியில் கிழவியாக்கிவிடுகிறாள். சோஃபி இடிந்துபோகவில்லை. அதுவரை வாய் திறக்காமல் தொப்பி தைத்துக்கொண்டிருந்தவளுக்கு, முதுமை வந்ததும் நினைத்ததைப் பேசத் தைரியம் வந்துவிடுகிறது. பதினாறு வயதில் இதை வேடிக்கையாகப் படிக்கலாம். உங்கள் வயதில் படித்தால் வேறு யாரோ தெரிவார்கள். ஃபிலிப் புல்மன் 1995-ல் எழுதிய நாவலில் ஒவ்வொருவரின் ஆன்மாவும் ஒரு விலங்காகக் கூடவே நடக்கும். குழந்தையாக இருக்கும்வரை அது நினைத்தபோது உருமாறும். வளர்ந்த பிறகு ஒரே உருவில் நின்றுவிடும். நின்றுவிட்ட பிறகு வாழ்வது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அந்த நாவலின் சிறுமிக்குத் தெரியாது. அவளைவிட உங்களுக்கு அந்தப் பக்கங்களில் படிக்க அதிகம் இருக்கிறது.

ஒரு நாவலைத் தொடும்போது இதை மட்டும் கேளுங்கள்: இந்த மந்திரத்துக்கு யார் என்ன கொடுக்கிறார்கள்? கெட் பருந்தாக மாறிக் கடல் தாண்டிப் பறக்கிறான். அதிக நேரம் பறந்துவிட்டதால் தான் மனிதன் என்பதே அவனுக்கு மறக்கத் தொடங்குகிறது. குருவின் மணிக்கட்டில் வந்து அமர்ந்த பறவையை அவர் பெயர் சொல்லி அழைத்துத்தான் மீட்க வேண்டியிருக்கிறது. உங்கள் 23 நாவல்களில் இப்படி விலை கேட்பவை எத்தனை, இலவசமாக வாரிக் கொடுப்பவை எத்தனை?

மற்ற இலக்கியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீண்ட மணவாழ்வின் சலிப்பு, ஒரே வேலையில் கழிந்த முப்பது வருடம், இவற்றை இந்த நாவல்கள் அதிகம் தொடுவதில்லை. அந்தப் பசி எழும் நாளில் அந்தப் புத்தகங்களைத் தேடிப் போங்கள், யாருக்கும் காட்டுவதற்காகப் போகாதீர்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை தருகிறேன். பட்டியலில் உங்களுக்கு மிகப் பிடித்த ஒரு நாவலை உறையைக் கழற்றிவிட்டு இரண்டாம் முறை படியுங்கள். அது எங்கே பொய் சொல்கிறது, பொய் சொல்லியும் ஏன் உங்களால் விட முடியவில்லை என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். இந்தப் பக்கத்தில் இடம் வைத்திருப்பேன், உங்கள் பெயரோடு வெளியிட.