பட்டறை பதில்கள்: சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கப் பழகலாமா?

இரண்டு இதழுக்கு முன்னால், "பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். அன்றிலிருந்து வருகிற கடிதங்களில் பாதி பூட்டைப் பற்றித்தான். நான் திண்டுக்கல்லில் பூட்டு செய்கிற வீட்டில் பிறந்தவன். அப்புறம் இருபத்தேழு வருடம் பாலிடெக்னிக் ஒர்க்ஷாப்பில் பையன்களுக்கு அரம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன். ஆகவே இந்த வாரம் மோட்டாருக்கும் மிக்ஸிக்கும் விடுமுறை.

கேள்வி: வீடியோ பார்த்து ஆசைப்பட்டு, பூட்டுத் திறக்கும் கம்பிகள் பதினைந்து கொண்ட செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். கூடவே வந்த கண்ணாடிப் பூட்டை இரண்டே நிமிடத்தில் திறந்துவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டு கேட் பூட்டை மூன்று நாளாகக் குடைகிறேன், அசையவே இல்லை. கோளாறு என் கையிலா, பூட்டிலா?
– கல்லூரி மாணவர், நாமக்கல்

இரண்டிலும் இல்லை தம்பி. முதலில் கேட் பூட்டை விட்டுவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இப்போது அதன் சாவியை எடுத்துப் பாருங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் மலையும் பள்ளமுமாக, பல் கூராக வெட்டியிருந்தால் அது பின் (pin) பூட்டு. தடித்த தகட்டில் மாடிப்படி மாதிரி சதுரம் சதுரமாக வெட்டியிருந்தால் லீவர் பூட்டு. பூட்டின் உடம்பிலேயே '6 லீவர்', '7 லீவர்' என்று பொறித்திருப்பார்கள். நம் ஊர் கேட்டிலும் கடை ஷட்டரிலும் தொங்குவது பெரும்பாலும் இந்த ஜாதிதான். உங்கள் செட்டில் இருக்கும் கம்பிகளோ பின் பூட்டுக்குச் செய்தவை. தையல் ஊசியால் சாக்கு தைக்கப் பார்த்திருக்கிறீர்கள்.

லீவர் பூட்டுக்குள் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வாசல் வெட்டியிருக்கும். எல்லா வாசலும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் தாழில் இருக்கும் முளை உள்ளே நுழையும், தாழ் நகரும். இங்கே அழுத்தம் கொடுக்க வேண்டியது தாழின் மேல். அதற்கான கருவியே வேறு. முதல் வகுப்பில் அது வேண்டாம்.

பின் பூட்டின் கதை எளிது. பித்தளை உருளை ஒன்று பூட்டின் உடம்புக்குள் சுழலக் காத்திருக்கிறது. அதைச் சுழலவிடாமல் ஐந்தாறு குட்டிப் பின்கள் குறுக்கே நிற்கின்றன. ஒவ்வொரு பின்னும் இரண்டு துண்டு. கீழ்த்துண்டு சாவியைத் தொடும். மேல்துண்டின் தலையில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். சரியான சாவி நுழைந்தால் எல்லா ஜோடிகளின் பிளவும் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும், உருளை சுழலும். அமெரிக்காவில் லைனஸ் யேல் ஜூனியர் 1861இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. மரத்தில் செய்த இதே யோசனை பழைய எகிப்திலேயே இருந்தது.

கண்ணாடிப் பூட்டு ஏன் சட்டென்று திறந்தது? துளைகள் தளர்வு, அதோடு உங்கள் கண் வேலை செய்தது. இனி அதைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். அதன் பிறகு 40 மில்லிமீட்டர் பித்தளைப் பின் பூட்டு ஒன்றை, மலிவானதாக, புதிதாக வாங்குங்கள். பதினைந்து கம்பியில் உங்களுக்கு வேண்டியது இரண்டுதான்: நுனி லேசாக வளைந்த கொக்கி ஒன்று, உருளையைத் திருப்பும் 'ட' வடிவக் கம்பி ஒன்று. மற்ற பதின்மூன்றும் செட்டைப் பெரிதாகக் காட்டுவதற்கு.

கேள்வி: எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு கொக்கிகள் வளைந்துவிட்டன. கட்டை விரலில் தழும்பு. சரியான பூட்டுதான், ஐந்து பின்.
– இல்லத்தரசி, கோவை

தழும்பே பதிலைச் சொல்லிவிட்டதம்மா. நீங்கள் பூட்டோடு மல்லுக்கட்டுகிறீர்கள். பழக்கடையில் சப்போட்டா பழுத்ததா என்று கடைக்காரருக்குத் தெரியாமல் அழுத்திப் பார்ப்போமே, திருப்பும் கம்பியில் உங்கள் விரல் அவ்வளவுதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் எல்லாப் பின்களும் ஒருசேர இறுகிவிடும். எது எது என்று பிரித்தறிய முடியாது.

இந்த வித்தை முழுவதும் ஒரு சின்னக் குறையை நம்பித்தான் நடக்கிறது. உருளையில் ஐந்து துளைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்றுதான் துளைக்கிறார்கள். ஆனால் எந்த மெஷினாலும் மயிரிழை பிசகாமல் போட முடியாது. அதனால் உருளையை லேசாகத் திருப்பினால் ஐந்து பின்னும் ஒரே நேரத்தில் மாட்டாது. ஏதோ ஒன்று முதலில் மாட்டும். அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

இப்படிச் செய்யுங்கள். பூட்டின் வளையம் கீழே இருக்கும்படி இடது கையில் பிடியுங்கள். சாவியின் பல் பக்கம் எதுவோ, அந்தப் பக்கத்தில்தான் பின்கள் இருக்கும். 'ட' கம்பியைத் துவாரத்தின் எதிர் ஓரத்தில் வைத்து, ஆள்காட்டி விரலின் கனத்தை மட்டும் அதன்மேல் சாய்த்து வையுங்கள். கொக்கியைக் கடைசி வரை விட்டு, உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பாருங்கள். சும்மா இருக்கிற பின், ஸ்பிரிங் வைத்த பால்பாயின்ட் பேனா மாதிரி துள்ளும். மாட்டிய பின் துள்ளாது, கல் மாதிரி நிற்கும். அதை மட்டும் மெதுவாகத் தள்ளுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம். சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, விரலுக்கு மட்டும் கேட்கும். அதே கணத்தில் உருளை ஒரு துளி நகரும். சரி, அடுத்தது எது மாட்டியிருக்கிறது என்று மறுபடி முதலிலிருந்து தேடுங்கள். என் மேஜையில் கிடக்கும் பூட்டில் வரிசை மூன்று, ஒன்று, ஐந்து, இரண்டு, நான்கு. உங்களுடையதில் வேறாக இருக்கும். அதுவும் ஒரே பூட்டில் பெரும்பாலும் மாறாது; எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பின் முடிந்தது போலவும் ஐந்தாவது எங்கேயும் இல்லாதது போலவும் ஒரு நிலை வரும். பெரும்பாலும் ஏதோ ஒன்றை அதிகமாகத் தூக்கி, கீழ்த்துண்டையே உருளையின் விளிம்புக்கு மேலே ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். கோபப்படாமல் 'ட' கம்பியை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். பின்கள் ஒவ்வொன்றாக விழும். எத்தனை விழுகின்றன என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையில் கற்றுக்கொண்டது எனக்குத் திறந்ததில் கற்றுக்கொண்டதைவிட அதிகம்.

வித்தை சீக்கிரம் வர வேண்டுமென்றால் பூட்டைப் பிரித்து ஒரே ஒரு பின்னை மட்டும் விட்டுவைத்துத் திறந்து பழகுங்கள். பிறகு இரண்டு, மூன்று. இதற்குத் தொங்கு பூட்டைவிட, கதவுப் பூட்டிலிருந்து கழற்றிய பழைய உருளை வசதி. பிரிக்கும்போது உருளையை வெறுமனே உருவக் கூடாது. அதே பருமனில் ஒரு மரக்குச்சியைச் செதுக்கி, உருளைக்குப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வர வேண்டும். இது தெரியாமல் நான் முதன்முதலில் உருவியபோது ஐந்து ஸ்பிரிங்கும் கொசு மாதிரி பறந்தன. மூன்று கிடைத்தது. ஒன்றை மறுநாள் எங்கள் அம்மா உளுந்து களையும்போது எடுத்துக் கொடுத்தார்.

கேள்வி: சினிமாவில் கதாநாயகி கொண்டை ஊசியால் திறக்கிறாளே, முடியுமா?
– வாசகி, விருதுநகர்

முடியும், இரண்டு ஊசி இருந்தால். சினிமாவில் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். திருப்புவதற்கு யார் வந்தார்கள்? தவிர கொண்டை ஊசி சீக்கிரம் வளைந்துவிடும். பஸ், கார் வைப்பரின் ரப்பருக்குள் ஒரு மெல்லிய எஃகுப் பட்டை வருமே, பழைய வைப்பரிலிருந்து அதை உருவிக்கொள்ளுங்கள்; 'ட' கம்பிக்கு அதைவிட நல்ல சரக்கு கிடையாது. கொக்கிக்கு ஹேக்ஸா பிளேடு. சாணையில் தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். எஃகு நீலம் பாரித்தால் அதன் உறுதி போய்விட்டது, அதைக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: இதெல்லாம் சட்டப்படி குற்றமில்லையா? நீங்கள் பத்திரிகையில் வேறு எழுதுகிறீர்கள்.
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி

நியாயமான கேள்வி. சொந்தப் பூட்டைச் சொந்த மேஜையில் வைத்துத் திறப்பதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். ஆனால் அடுத்தவர் வீட்டில் அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறந்தால், அதை உடைக்கவே இல்லை, கீறல்கூட விழவில்லை என்றாலும் அது கன்னமிடுதல்தான். பழைய தண்டனைச் சட்டத்தில் 445ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 330. கம்பி செட்டை பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு ராத்திரியில் சுற்ற வேண்டாம் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். வாகனச் சோதனையில் நிற்கும் காவலரிடம் பின், ஸ்பிரிங் பாடம் எடுக்க முடியாது.

பொழுதுபோக்காக இதைச் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இரண்டு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ஒன்று, உன்னுடையதல்லாத பூட்டைத் தொடாதே. இரண்டு, உன்னுடையதே ஆனாலும் பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடாதே. இரண்டாவதற்குக் காரணத்தை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நாமக்கல் தம்பி, இது உங்களுக்கும்.

கல்யாணமான புதிது. மறுநாள் காலை மைத்துனி கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும். ராத்திரி பொழுது போகாமல் வாசல் கதவுப் பூட்டைக் கம்பியால் திறந்தேன். திறந்த சந்தோஷத்தில் உருளையை அரைச் சுற்று சுற்றிவிட்டேன். சாவி துவாரத்தின் அடிப்பக்கம் திறப்பாக இருக்கும். அது மேலே வந்ததும், மேலே காத்திருந்த பின்துண்டுகள் ஸ்பிரிங் தள்ளத் துவாரத்துக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துகொண்டன. சாவி போட்டுத் திருப்பும்போது சாவியே அங்கே அடைத்துக்கொண்டிருப்பதால் இது நடக்காது. கம்பிக்கு ஏது அந்த உடம்பு? உருளை இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. விடியற்காலை பட்டுப்புடவையோடு என் சம்சாரம் வாசலில் நிற்கிறாள், கதவைப் பூட்ட முடியவில்லை. மெல்லிய தகடு ஒன்றைத் துவாரத்தின் முழு நீளத்துக்கும் விட்டு, இறங்கிய பின்களை ஒருசேர மேலே அழுத்திக்கொண்டே திருப்பினால் சரியாகிவிடும். அது எனக்குத் தெரிந்தபோது 5.40 பஸ் போய்விட்டது. தாலி கட்டி முடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

கேள்வி: என் மகன் இதைப் பழகுகிறான். "திருட்டு வித்தை வீட்டுக்கு ஆகாது" என்று என் மாமியார் முணுமுணுக்கிறார். என்ன சொல்வது?
– ஆசிரியை, மன்னார்குடி

பிரான்சின் பதினாறாம் லூயி அரண்மனையிலேயே பட்டறை வைத்துப் பூட்டு செய்தவர் என்று சொல்லுங்கள். வேண்டாம், அவர் முடிவு அவ்வளவு நன்றாக இல்லை. லண்டன் கதையைச் சொல்லுங்கள். ஜோசப் பிராமா 1784இல் காப்புரிமை வாங்கிய பூட்டு ஒன்றை, "இதைத் திறக்கும் கருவி செய்பவருக்கு 200 கினி" (அந்தக் கால இங்கிலாந்துப் பணம்) என்று எழுதிக் கடைக் கண்ணாடியில் வைத்திருந்தார்கள். ஐம்பது, அறுபது வருடம் அது அப்படியே கிடந்தது. 1851 மகா கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற பூட்டு வியாபாரி வந்தார். முதலில் யாராலும் திறக்க முடியாது என்று பேர் வாங்கிய, சப் (Chubb) கம்பெனியின் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிறகு பிராமா பூட்டின் முன் உட்கார்ந்தார். 16 நாளில் மொத்தம் 51 மணி நேரம். திறந்துவிட்டது. ஊரே கொதித்தது, ஆனால் அந்த அவமானத்துக்குப் பிறகுதான் அங்கே பூட்டு செய்பவர்கள் தங்கள் சரக்கைத் திரும்பப் பார்த்தார்கள்.

பையன் 51 மணி நேரம் ஒரு இடத்தில் உட்கார்ந்தால், மாமியார்தான் முதலில் திருஷ்டி சுற்றிப் போடுவார்.

கேள்வி: எண்ணெய் இல்லையென்றால் என்ன விடுவது?
– பலர்

பென்சில் கரி. சாவியின் பல்லில் பென்சிலால் நன்றாகத் தேய்த்து நாலைந்து முறை போட்டு எடுங்கள். தேங்காய் எண்ணெய் தூசியைக் கூட்டிக்கொண்டு பிசினாகிவிடும்.

கேள்வி: பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பழைய திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்று. சாவி தொலைந்து பல வருடமாகிறது. நானே கம்பி வைத்துத் திறக்கலாமா?
– வாசகர், தேனி

வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். அது கையால் செய்த லீவர் பூட்டு. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அந்தப் பரம்பரைச் சரக்கு. எங்கள் அப்பா ஒரு பூட்டின் லீவர்களை அந்த ஒரு சாவிக்கென்றே ஒவ்வொன்றாக அரத்தால் ராவிச் சேர்ப்பார். அடுத்த பூட்டுக்கு வேறு சாவி. உங்கள் பூட்டுக்குள் என்ன அளவு என்பது அதைச் செய்த கைக்கு மட்டும்தான் தெரியும். கம்பி விட்டு முறுக்கினால் உள்ளே இருக்கும் வில் உடையும். மாற்றுக்கு எங்கே போவீர்கள்?

வெட்டாத சாவியை விளக்கில் காட்டிக் கரி ஏற்றி, பூட்டுக்குள் விட்டு மெதுவாகத் திருப்பி எடுத்தால், லீவர் எங்கே உரசுகிறதோ அங்கே கரி அழிந்திருக்கும். அந்த இடத்தில் இரண்டு ராவு. மறுபடி கரி. அப்பா இப்படி ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு சாவி செய்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போதும் திண்டுக்கல்லில் இதைச் செய்யத் தெரிந்த கைகள் உண்டு. பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று எழுத வந்தேன். அதைத்தான் கழற்ற முடியாதே. பெட்டியோடு வாருங்கள்.