வரி ரசீதில் பெயர் மாறினால் வீடு உங்களுடையது ஆகிவிடுமா?

கேள்வி: என் கணவர் சென்ற ஆண்டு காலமானார். உயில் எழுதவில்லை. அவர் சம்பாதித்து வாங்கிய வீட்டுக்கு நகராட்சி வரி ரசீது இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது. ஒரு மகன், மகளுக்குத் திருமணமாகிவிட்டது. மாமியார் கிராமத்தில் மைத்துனரோடு இருக்கிறார். பெயர் மாற்றித் தர ஏஜென்ட் ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். "மாமியார் பெயர் இல்லாமலே வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிடலாம், ரசீது உங்கள் பெயருக்கு வந்துவிட்டால் வீடே உங்கள் பெயருக்கு வந்த மாதிரி, தாமதித்தால் சீல் வைத்துவிடுவார்கள்" என்கிறார். பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அவர் சொன்ன மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லை.

முதலில் சீல் பயம். ரசீதில் யார் பெயர் இருந்தாலும் வரிவிதிப்பு எண்ணைச் சொல்லி நீங்களே கவுன்டரிலோ ஆன்லைனிலோ கட்டலாம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்கும். முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். காலம் கடந்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. வரியைத் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டை, இறந்தவர் பெயரில் ரசீது வருகிறது என்பதற்காக யாரும் பூட்ட மாட்டார்கள். பாக்கி இருந்தால் மட்டும் உடனே தீர்த்துவிடுங்கள், பெயர் மாற்ற மனு கொடுக்கும்போது முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்து, ரசீது. அது வரி கட்டியதற்கான சான்று, அவ்வளவுதான். நகராட்சிக்கு வரி வசூலிக்க ஒரு பெயர் வேண்டும், அதை எழுதி வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட பதிவேடுகளில் பெயர் மாறுவதால் சொத்துரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. பட்டாகூட நகராட்சி வேலையில்லை, வருவாய்த் துறை வேலை. ஆனாலும் "ரசீது வந்தால் வீடு வந்த மாதிரி" என்ற ஒரு வாக்கியத்தை வைத்தே நகராட்சி வாசல் டீக்கடையில் ஃபைலும் கையுமாக உட்கார்ந்து பிழைப்பு நடத்துகிறார்கள்.

மூன்றாவதுதான் உங்களைக் குழியில் தள்ளக்கூடியது. கணவர் இறந்தபோது அவருடைய தாயார் உயிரோடு இருந்தார் அல்லவா? 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் நிலை வாரிசுகளில் தாயாரும் உண்டு. மனைவி, மகன், மகள், தாய் என்று உங்கள் வீட்டில் நாலு பேர், ஆளுக்குக் கால் பங்கு. மகளுக்குக் கல்யாணத்தில் நகை போட்டாயிற்று என்ற கணக்கெல்லாம் இதில் செல்லாது. மாமியார் கிராமத்தில் இருக்கிறார், எதுவும் கேட்கவில்லை என்பதாலும் அவர் பங்கு கரைந்துவிடாது.

இதை நம் குடும்பங்களில் யாரும் காதில் வாங்குவதில்லை. மாமியார் நாளைக்கு இறந்துவிட்டால் அந்தக் கால் பங்கு உங்களுக்குத் திரும்பி வராது, அவருடைய வாரிசுகளுக்குப் போகும். மைத்துனர் ஒருவர்தான் என்றால் அதில் பாதி அவருக்கு, மீதிப் பாதி உங்கள் மகனுக்கும் மகளுக்கும். மருமகளான உங்களுக்கு அதில் ஒன்றுமில்லை. நாத்தனார் இருந்தால் பிரிவு இன்னும் கூடும். இன்று ஒரு கையெழுத்தோடு முடிகிற விஷயம், பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது வாங்குபவரின் வக்கீல் "தாயார் எங்கே?" என்று கேட்கும் இடத்தில் வந்து நிற்கும். அன்றைக்கு அந்த ஏஜென்ட் அங்கே இருக்க மாட்டார். பொய்த் தகவல் கொடுத்த மனுவில் உங்கள் கையெழுத்துதான் இருக்கும்.

ஆகவே இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, நாலு பேர் பெயரையும் சேர்த்து வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடுங்கள். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு தாசில்தார் கொடுப்பார். அதோடு இறப்புச் சான்றிதழ், கிரையப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, கடைசி வரி ரசீது ஆகியவற்றை வைத்து நாலு பேர் பெயருக்கும் கூட்டாக வரிப் பெயர் மாற்றம் கேளுங்கள். இறப்பைப் பதிவு செய்ததே அந்த நகராட்சியாக இருக்கலாம்; அடுத்த அறையில் இருக்கிற பதிவேட்டைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள், உங்களைத்தான் நகல் கொண்டுவரச் சொல்வார்கள். இத்தனை கம்ப்யூட்டர் வந்தும் இந்த ஒரு நகலை ஒழிக்க முடியவில்லை!

உங்கள் ஒருவர் பெயருக்கே வேண்டுமானால் மற்ற மூவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம், அதாவது தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம், பதிந்து கொடுக்க வேண்டும். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரியிடம் சீல் வாங்கிவிட்டால் போதும் என்பது அடுத்த ஏமாற்று. மாமியாரை நயமாகக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் அது அவருடைய உரிமை.

மனுவில் உங்கள் செல்போன் எண்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட்கள் தங்கள் எண்ணைப் போட்டுவிடுவார்கள், ஓ.டி.பி.யும் வரிச் செய்தியும் அவர்களுக்கே போகும், ஒவ்வொரு முறையும் நீங்கள் அவர்களிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். அசல் பத்திரத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள், சரிபார்க்கக் கேட்டால் நீங்களே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வாருங்கள்.

ஒப்புகை எண் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். மனு நகராமல் கிடந்தால் முதல்வரின் உதவி மைய எண்ணான 1100க்குப் போன் செய்து அந்த எண்ணோடு புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு கேள்வி: "என் மனு எந்தத் தேதியிலிருந்து யார் மேசையில் இருக்கிறது?" 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் அந்தப் பதிலுக்கு முன்பே ஆணை வந்துவிடும்.