1959 கேடிலாக் என்ற அமெரிக்கச் சொகுசுக் காரில் கூடுதல் விலைக்கு வாங்கிய கருவிகளில் எவை உண்மையிலேயே பயன்பட்டன?

பவர் ஸ்டீயரிங், பவர் பிரேக், தானியங்கி கியர் ஆகிய மூன்றும் அந்த ஆண்டு சீரிஸ் 62 வண்டியின் அடிப்படை விலையிலேயே அடங்கியிருந்தன. ஆனால் பனிக்காலம் கடுமையான டெட்ராய்டில் உருவான வண்டிக்கு ஹீட்டரைத் தனியாகப் பணம் கட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது என்பது இன்று வேடிக்கையாகத் தோன்றலாம்.

பயன் என்று பார்த்தால் ஏ.சி.க்கே என் முதல் வாக்கு. அதன் விலை 474 டாலர், அதாவது இரு கதவுகள் கொண்ட கூப்பே வண்டி விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 1953இல் கேடிலாக் அளித்த ஏ.சி. டிக்கிக்குள் உட்கார்ந்துகொண்டு, பின்கண்ணாடியின் இருபுறமும் ஏறிச்சென்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய்கள் வழியாகக் கூரைக்குக் குளிர்காற்றை அனுப்பியது. அதன் கம்ப்ரசருக்குக் கிளட்ச் இல்லாததால் எஞ்சின் ஓடும்போதெல்லாம் அதுவும் ஓடியது. குளிர்காலத்தில் பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. 1959இல் இந்தத் தொல்லைகள் எல்லாம் தீர்ந்து, கருவி முன்பக்கத்துக்கு இடம் மாறியிருந்தது.

காற்று சஸ்பென்ஷனைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் உறைகள் வண்டியைத் தாங்கின. கசிவு ஏற்பட்டால் இரவு நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் தரையோடு படிந்து கிடக்கும். பலர் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரணச் சுருள்வில்லுக்கே திரும்பினர்.

வண்டியை ஒரே வேகத்தில் தானாகவே ஓட வைக்கும் குரூஸ் கன்ட்ரோலும் விருப்பப் பட்டியலில் இருந்தது. அதை உருவாக்கிய ரால்ஃப் டீட்டர் சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர். அவருடைய கருவி முதலில் வந்தது 1958 கிரைஸ்லர் இம்பீரியலில்.

பொறியியல் நோக்கில் என்னை மிகவும் ஈர்ப்பது, எதிரே வண்டி வந்தால் முகப்பு விளக்கைத் தானாகவே டிம் செய்யும் ஆட்ரானிக் ஐ. டேஷ்போர்டின் இடது ஓரத்தில், சாலையைப் பார்த்தபடி, துப்பாக்கிக் குண்டின் வடிவில் ஒரு சிறு கூடு இருக்கும். எதிர்வண்டியின் வெளிச்சம் அதன் லென்ஸ் வழியாக உள்ளேயுள்ள, ஒளியை மின்னோட்டமாக மாற்றும் ஒளிக்குழலில் விழுந்ததும், அங்கே எழும் மிகச் சிறு மின்னோட்டத்தை வெற்றிடக் குழல்கள் பெருக்க, ரிலே என்ற மின்சுவிட்ச் ஹை பீமை டிம்முக்கு மாற்றிவிடும். எதிரில் வருபவரும் டிம் செய்ததும் வெளிச்சம் குறைந்துவிடுமே, உடனே நம் விளக்கு மறுபடி ஹை பீமுக்குத் தாவாதா என்று கேட்கலாம். அப்படி நேராமலிருக்க, டிம்முக்கு மாறிய கணமே கருவியின் உணர்திறன் கூடுமாறு அமைத்திருந்தார்கள். அந்தக் குறைந்த வெளிச்சமே அதைப் பிடித்து நிறுத்தப் போதுமானது. இவ்வளவு யோசித்தும், தெருவிளக்கையோ பளபளக்கும் பலகையையோ எதிர்வண்டி என்று எண்ணி அது ஏமாந்தது. மேலும், டிம் செய்ய மறந்த எதிர் ஓட்டுநருக்கு ஹை பீம் அடித்து நினைவூட்டவும் முடியாமல் போயிற்று. அதற்கென்றே காலடியில் இன்னொரு சுவிட்சை வைத்துக் கொடுத்தார்கள்.